குளறும் பிள்ளைகளோடு நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

ஒரு சின்னக் காரணத்துக்கு அரை மணித்தியாலம் கத்திக் குளறி அழுது, கையில் அகப்பட்டதை எறிந்து, பெற்ற தாயையே கடித்துவிடும் பிள்ளைகளின் பெற்றார் நாங்கள். யாழ்ப்பாணத்தில் இப்படிப் பல வீடுகள் உண்டு. கதவைச் சாத்திக்கொண்டு இருப்பதால் வெளியில் தெரிவதில்லை. எங்களுக்குக் கைகொடுத்தவர்களுக்கு ஊரறிய நன்றி சொல்லவே இந்த மடல். யார் என்ன செய்தீர்கள், அது ஏன் பலித்தது என்பதையும் சேர்த்தே எழுதுகிறோம். இதே நிலையில் இருக்கும் இன்னொரு தாய் தகப்பன் வாசித்தால் அவர்களுக்கும் உதவும்.

முதல் நன்றி எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு. நாவூறு, செல்லம் கூடிப்போச்சு, வளர்ப்புப் பிழை என்று ஊர் சொல்லிக்கொண்டிருக்க, நீங்கள் கேட்டது வேறு. பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கிறதா? இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறதா? மலம் இறுகிப் போகிறதா? பல்லில் சூத்தை உண்டா? வயிற்றுப் பூச்சிக்கு மருந்து எப்போது கொடுத்தது? நோவைச் சொல்லத் தெரியாத பிள்ளை அதைக் கோபமாகத்தான் காட்டும். மூக்கின் பின்னால் உள்ள அடினொயிட் என்ற சதை வீங்கியிருந்தால் இரவு நித்திரை குழம்பும். நித்திரை குழம்பினால் அடுத்த நாள் சின்ன ஏமாற்றத்தையும் பிள்ளை தாங்காது. 6 முதல் 12 வயது வரையான பிள்ளைக்கு 9 முதல் 12 மணித்தியால நித்திரை வேண்டும். விடியவும் டியூசன், இரவும் டியூசன் என்று ஓடும் பிள்ளைக்கு அது எங்கே கிடைக்கும்? திடீரென்று சில விநாடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தொடரும் பிள்ளையை வலிப்புக்கும் பார்க்கவேண்டும் என்று சொல்லித்தந்ததும் நீங்கள்தான்.

மனநலப் பிரிவுத் தாதியருக்கும் பிரதேச செயலக உளவளத்துணை உத்தியோகத்தர்களுக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. ஒரு கொப்பி வாங்கச் சொன்னீர்கள். பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு, முன், நடந்தது, பின் என்று எழுதப் பழக்கினீர்கள். எழுதாதவர்களுக்காக ஒரு பக்கத்தின் மாதிரி இது:

செவ்வாய், பின்னேரம் 3.40. முன்: பள்ளிக்கூடத்தால் வந்து இன்னும் சாப்பிடவில்லை. போனைப் பறித்து, டியூசனுக்கு வெளிக்கிடச் சொன்னது. நடந்தது: குளறல், புத்தகப் பையை எறிந்தது, தம்பிக்கு அடி, 25 நிமிடம். பின்: டியூசனுக்குப் போகவில்லை. போன் திரும்பக் கிடைத்தது.

வைத்தியருக்கு வேண்டியது இதற்குள் இருக்கிறது. பசி இருக்கிறது. சொல்லாமல் கொள்ளாமல் பறித்தது இருக்கிறது. கடைசியில் குளறலுக்குக் கிடைத்த கூலியும் இருக்கிறது. இரண்டு கிழமை விடாமல் எழுதினால் எந்த நேரம், எந்த ஆள், எந்த வேலை என்று பெரும்பாலும் ஒரு ஒழுங்கு பிடிபடும். கொப்பி பிழைக்கிற இடங்களும் உண்டு. "சும்மா கத்தினான்", "அடம் பிடித்தாள்" என்று எழுதினால் அது எழுதுபவரின் கோபம். அதில் பிள்ளை இல்லை. கண்ணால் கண்டது, காதால் கேட்டது மட்டும் எழுதவேண்டும். இரவில் ஞாபகத்தில் எழுதினால் "முன்" என்ற பகுதி தேய்ந்துபோகும், ஆகவே அடங்கின கையோடு எழுதவேண்டும். குளறாமல் கழிந்த பொழுதுகளையும் குறிக்கவேண்டும். எது பிள்ளைக்கு ஒத்துப்போகிறது என்று அங்கேதான் தெரியும். போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்தியருக்குக் காட்டலாம். முகநூலில் போடவே கூடாது.

யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் எங்கள் பிள்ளைகளைப் பார்த்த வைத்தியர்களே, அவசரப்பட்டுப் பெயர் சூட்டாமல் இருந்ததற்கு நன்றி. ஒரே குளறலுக்குப் பின்னால் கவனக்குறைவும் மிகைத் துடிதுடிப்பும் இருக்கலாம், ஓட்டிசம் (மதியிறுக்கம்) இருக்கலாம், பயமோ மனச்சோர்வோ இருக்கலாம், பள்ளிக்கூடத்தில் யாரோ செய்யும் கொடுமையும் இருக்கலாம். ஆகவேதான் பிள்ளையோடு தனியாகவும் கதைத்தீர்கள். கடும் எரிச்சலையும் கோப வெடிப்பையும் DMDD என்ற பெயரில் தனியொரு நோயாக அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூல் 2013 இல் சேர்த்தது. அதற்கு வரம்பு கடுமையானது: கிழமைக்குச் சராசரியாக மூன்று தடவை அல்லது அதற்கு மேல் வெடிக்கவேண்டும், இடைப்பட்ட நேரத்திலும் அநேகமாக நாள் முழுக்க எரிச்சல் இருக்கவேண்டும், 12 மாதமாவது நீடிக்கவேண்டும், வீடு, பள்ளிக்கூடம் என்று குறைந்தது இரண்டு இடத்தில் தெரியவேண்டும், 10 வயதுக்கு முன் தொடங்கியிருக்கவேண்டும். 6 வயதுக்கு முன் அந்தப் பெயரைப் புதிதாகக் கொடுக்கமாட்டார்கள். இதைப் பொறுமையாக விளங்கப்படுத்தியதால்தான், இணையத்தில் ஒரு பெயரைக் கண்டு பிடித்துக்கொண்டு வந்த பெற்றார் அதைக் கைவிட்டார்கள்.

குளறும் நேரத்தில் என்ன செய்வது என்று கையோடு கைபிடித்துக் காட்டிய தொழில்வழிச் சிகிச்சையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! கோபம் தொடக்கத்திலேயே உச்சிக்கு ஏறும். அழுகை பிந்தி வந்து நீண்டு நிற்கும். உச்சியில் நிற்கும்போது நியாயம் சொன்னால் பிள்ளைக்கு ஏறாது, சத்தம்தான் கூடும். ஆகவே ஒரு ஆள் மட்டும் கிட்ட நிற்பது. மற்றப் பிள்ளைகளை வேறு அறைக்குக் கூட்டிப்போவது. கத்தி, கண்ணாடிப் போத்தல், சுடுதண்ணீர் எல்லாவற்றையும் அகற்றுவது. இரண்டு கை தூரத்தில், நேருக்கு நேர் இல்லாமல் பக்கவாட்டாக இருப்பது. "நான் இங்கே இருக்கிறேன்" என்ற அளவோடு வாயை மூடுவது. அறையில் பூட்டக்கூடாது. குப்புறக் கிடத்தி முதுகிலோ நெஞ்சிலோ பாரம் போடவே கூடாது, மூச்சு நிற்கும். தண்ணீரைப் பக்கத்தில் வைக்கலாம், வற்புறுத்தக் கூடாது. அடங்கிய உடனேயும் புத்திமதி வேண்டாம். பிள்ளை சாப்பிட்டு, முகம் தெளிந்த பிறகு, எறிந்ததைச் சேர்ந்து பொறுக்கிக்கொண்டே நாலு வார்த்தை கதைத்தால் போதும்.

நீங்கள் முன்கூட்டியே எச்சரித்த ஒன்று பல வீடுகளைக் காப்பாற்றியது. குளறினால் போன் கிடைக்கும் என்று பழகிய பிள்ளைக்குக் கொடுப்பதை நிறுத்தினால், முதல் கொஞ்ச நாள் குளறல் கூடும். அது வழமையானது. அந்த நேரம் பார்த்து ஒருதரம் விட்டுக்கொடுத்தால், இன்னும் பலமாகக் குளறினால் கிடைக்கும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும். தொடங்க முதலே வீட்டில் எல்லோரும் ஒரே முடிவில் நிற்கவேண்டும். கூடவே, தினமும் 10 நிமிடம் பிள்ளை சொல்கிற விளையாட்டைப் பிள்ளை சொல்கிறபடி விளையாடவும் சொன்னீர்கள். அந்த நேரத்தில் கேள்வியும் இல்லை, திருத்தமும் இல்லை. இந்த 10 நிமிடம் இல்லாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கட்டுப்பாடாகத்தான் பிள்ளைக்குப் படும்.

வகுப்பாசிரியர்களே, பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005 இலேயே சுற்றறிக்கை விட்டது உங்களுக்குத் தெரியும். பிரம்பைத் தொடாமல் விட்டதோடு நீங்கள் நிற்கவில்லை. பாடம் மாற ஐந்து நிமிடத்துக்கு முன்பே பிள்ளைக்குச் சொன்னீர்கள். கதவுக்குக் கிட்ட இருத்தினீர்கள். ஒரு நிற அட்டையைக் கொடுத்து, அதைக் காட்டினால் வாய் திறக்காமல் எழும்பிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்றீர்கள். வந்ததும் விட்ட கணக்கையும் முடிக்கச் செய்தீர்கள். அது மிக முக்கியம். முடிக்காமல் விட்டால் அந்த அட்டை கணக்கிலிருந்து தப்பும் வழியாகிவிடும்.

மருந்தைப் பற்றி ஊரில் பயம் அதிகம். எல்லாப் பிள்ளைக்கும் மருந்து தேவைப்படுவதில்லை. ஓட்டிசம் உள்ள பிள்ளையின் கடும் எரிச்சலுக்கு ரிஸ்பெரிடோன் சிறிய அளவில் தொடங்கினால் பசி கூடும், நிறை ஏறும். ஆகவே ஒவ்வொரு கிளினிக்கிலும் நிறை பார்க்கவேண்டும், இரத்தச் சீனியும் சோதிக்கவேண்டும். கவனக்குறைவுக்கும் மிகைத் துடிதுடிப்புக்கும் கொடுக்கும் மெத்தில்பெனிடேற் பசியைக் குறைக்கும். காலைச் சாப்பாட்டோடு கொடுத்தால் ஒருவேளையாவது வயிறு நிறையும். நல்லாகிவிட்டது என்று நினைத்துத் தாங்களாக நிறுத்தவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் குளிசையைக் கொடுக்கவோ கூடாது. அடுத்த ஆள் வரிசையில் நிற்க, இதையெல்லாம் துண்டில் எழுதியும் தந்த மருந்தாளருக்கு எங்கள் நன்றி.

திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கியை எங்கள் வீட்டுப் பக்கமிருந்து திருப்பிக் கட்டிய கோயில் சபையாருக்கும், குளறல் கேட்டால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்காமல் தம்பியையும் தங்கச்சியையும் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டு வைத்துக்கொண்ட அயலவருக்கும் நன்றி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் சனம் முட்டும். சனமும் சத்தமும் தாங்காத பிள்ளையைத் தேர் நாளில் கூட்டிப்போகாமல், ஆட்கள் குறைந்த ஒரு நாளில் கூட்டிப்போகலாம். முருகன் அன்றைக்கும் அங்கேதான் இருப்பார்.

இரவில் யாரோடு கதைப்பது என்று தெரியாதவர்களுக்கு, தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926. பிள்ளைக்கு யாரும் தீங்கு செய்வதாகச் சந்தேகம் வந்தால் சிறுவர் உதவி இலக்கம் 1929. தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலை வந்து அடக்க முடியாவிட்டால் 1990 அம்புலன்ஸ்.

கடைசியாக அம்மம்மாமாருக்கும் அப்பம்மாமாருக்கும். பேரப்பிள்ளை அழுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இருந்தும் மறைத்துக் கொடுக்கும் பிஸ்கட்டையும் போனையும் நிறுத்தி, எங்களோடு ஒரே முடிவில் நின்றீர்கள். உங்கள் கைகளைப் பிடித்து நன்றி சொல்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றார் சிலர்,
யாழ்ப்பாணம்.