வீட்டுக்கு முன்னால் காணி: வெளியுறவு அமைச்சருக்குக் குளத்துப்புழையிலிருந்து ஒரு திறந்த மடல்

ஐயா, வணக்கம்.

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்ட கையோடு நம் கடற்படை கொழும்பில் நிவாரணம் இறக்கியது. மகியங்கனையில் ராணுவம் கள மருத்துவமனை போட்டது. டிசம்பரில் நீங்களே நேரில் போய் 45 கோடி டாலர் அறிவித்தீர்கள்: 35 கோடி சலுகைக் கடன், 10 கோடி மானியம். வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நாங்கள் 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர்களின் பிள்ளைகள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது என்று இரண்டு தலைநகரங்களும் முடிவு செய்தன. எங்கள் ஆட்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்று கொல்லம் மாவட்டத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறோம். சொந்தத்தில் பாதிப் பேர் இன்னும் இலங்கையில் பதுளையிலும் நுவரெலியாவிலும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்கள்.

பதுளையில் இருக்கும் என் பெரியம்மா மகள் வீடியோ காலில் லயத்துச் சுவரைக் காட்டினாள். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. ராத்திரி பள்ளிக்கூடத்தில் படுக்கை, பகலில் அதே லயத்தில் சமையல். இந்தியா வீடு கட்டித் தருமாமே என்றேன். "வீடு தருவாங்க தம்பி, மண்ண யாரு தருவா?" என்றாள்.

சங்கதி அங்கேதான் இருக்கிறது. தோட்ட நிலம் பெரும்பாலும் அரசுடையது, கம்பெனிகளிடம் குத்தகைக்கு இருக்கிறது. நாலு தலைமுறையாக லயத்தில் குடியிருப்பவர் கையில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. இடிந்த வீட்டுக்கு மாற்று வீடு கேட்கப் போனால், இடிந்த வீடே அவருடையது இல்லை என்று ஆகிவிடுகிறது. 2017-இல் இலங்கை மலையகத்து நோர்வூட்டில் நம் பிரதமர் மோடி அறிவித்த 10,000 வீடுகளே இன்னும் கட்டி முடிந்தபாடில்லை.

தமிழருக்கு மட்டும் கொடுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. 2022-இல் தமிழ்நாட்டு அரிசி எல்லா இலங்கையருக்கும்தான் போனது, அதுதான் முறையும்கூட. ஆனால் காணி உள்ளவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்றால், இல்லாதவர் கடைசிவரை நின்றுகொண்டேதான் இருப்பார்.

ஆகவே வீட்டுக்கான பணத்தில் தோட்டப் பகுதியின் பங்கு எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மண்சரிவு அபாயம் இல்லாத இடமாகப் பார்த்து, குடும்பத் தலைவியின் பெயரையும் சேர்த்துக் காணி உறுதி (நிலப் பத்திரம்) கொடுத்த பிறகே கட்டுமானத் தவணையை விடுங்கள். அப்புறம், கணக்குப் பார்க்கக் கூடும் கூட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர் ஒருவருக்கும் நாற்காலி போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குளத்துப்புழைத் தோட்டத் தொழிலாளி ஒருவன்