டேடோனாவை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தவர்களுக்கு

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

கிடப்பில் கிடந்த 1969 டாட்ஜ் சார்ஜர் டேடோனாவின் 1/25 அளவு மாடல் முடிந்துவிட்டது. நீல உடம்பு, பின்புறம் உயர்ந்து நிற்கும் வெள்ளை விங், கூர் மூக்கு என்று கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பாராட்டிவிட்டுப் போகிறார்கள். அதில் எந்தப் பாகம் யாருடைய தயவு என்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்ன நன்றி போதாது என்று பட்டது, அதனால்தான் இந்த மடல். பெயர் வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் எழுதவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

இந்தக் காரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1960களின் கடைசியில் நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தில் ஃபோர்டும் கிறைஸ்லரும் நேருக்கு நேர் மோதிக்கொண்டிருந்தன. நீண்ட ஓவல் தடங்களில் எஞ்சின் பலம் மட்டும் போதாது, காற்றைக் கிழித்துப் போகும் உடம்பு வேண்டும் என்ற நிலை. சார்ஜர் பார்க்க அழகான கார்தான். ஆனால் உள்வாங்கிய கிரில்லும் குழிந்து கிடந்த பின் கண்ணாடியும் காற்றைப் பிடித்து வைத்துக்கொண்டன. அவற்றைச் சமன்செய்து முதலில் சார்ஜர் 500 வந்தது. அதற்கு மேலும் வேகம் வேண்டும் என்று மூக்குக் கூம்பும் 23 அங்குல உயர விங்கும் வைத்தபோது டேடோனா பிறந்தது. பந்தயத்தில் இறக்க வேண்டுமானால் பொதுமக்கள் வாங்கும்படி 500 கார்களாவது கட்டியாக வேண்டும் என்பது விதி. 503 கட்டினார்கள். 1969 செப்டம்பரில் டல்லடேகா தடத்தின் முதல் பெரிய பந்தயத்தில் ரிச்சர்ட் பிரிக்ஹவுஸ் டேடோனாவில் ஜெயித்தார். 1970 மார்ச் 24 அன்று அதே தடத்தில் நடந்த சோதனை ஓட்டத்தில் படி பேக்கர் மணிக்கு 200 மைலைத் தாண்டினார். அடுத்த ஆண்டே விதியை மாற்றி, இந்த மாதிரி விங் கார்களுக்கு 305 கன அங்குல எஞ்சினுக்கு மேல் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அத்தோடு அவற்றின் ஆட்டம் முடிந்தது.

இந்தக் காரின்மேல் எனக்குத் தனிப் பிரியம் வர இன்னொரு காரணமும் உண்டு. காற்றுச் சுரங்கச் சோதனைகளுக்கு விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 3/8 அளவு மாதிரிகளைப் பயன்படுத்தினார்கள். மாடலாகவே பாடுபட்ட கார் இது.

முதல் நன்றி வீட்டில் இருக்கிறவளுக்கு. மிச்சிகன் மாநிலம் டிராயில் இந்த வீட்டுக்குக் குடிவந்த பிறகு பேஸ்மென்ட் அலமாரியின் மேல்தட்டில் ஏறிய மாடல் பெட்டி இறங்கவே இல்லை. மகளின் பரதநாட்டியப் பயிற்சிக்காக இடம் ஒழித்த நாளில் அவள்தான் அதை எடுத்துத் தூசி தட்டிச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். "ஒண்ணு இதை முடிங்க, இல்லன்னா ஆசையா செய்றவங்க யாருக்காவது குடுத்துடுங்க. இப்படிக் கிடந்து வீணாப் போறதைப் பாக்க முடியல" என்றாள். வாரக் கடைசிகளில் அந்த மேசையின் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்ததும் அவள்தான். ஸ்ப்ரே வாடை வீட்டுக்குள் வராதபடி கராஜில் மின்விசிறி மாட்டும் யோசனையும் அவளுடையதே.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது மனசு உடைந்துதான் போனது. வெள்ளை அடித்திருந்த உடம்பில் மயிரிழை வெடிப்புகள். விங்கின் ஒரு பக்கத் தாங்கி முறிந்திருந்தது. மாடலில் ஒட்டுவதற்கான எழுத்தும் பட்டையும் அச்சடித்த டெக்கால் தாள் பழுப்பேறிக் கிடந்தது. எல்லாவற்றையும்விட மோசம் பின் கண்ணாடி. பழைய கிட்களின், அதாவது பாகங்களை ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டிகளின், டயர் வினைலால் ஆனது. அதை இளக்கமாக வைத்திருக்கச் சேர்க்கும் ரசாயனம் நாளாக ஆகக் கசிந்து, பக்கத்தில் ஒட்டிக் கிடக்கும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் பாகத்தை அரித்துவிடும். பெட்டிக்குள் ஒரு டயர் கண்ணாடியின்மேல் சாய்ந்தே கிடந்திருக்கிறது. டயரின் வரி வரியான தடம் கண்ணாடியில் அப்படியே பதிந்திருந்தது. தேய்த்தும் போகவில்லை, பாலிஷ் போட்டும் போகவில்லை.

வேறொரு சார்ஜர் கிட்டிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டால் தீர்ந்தது என்று கார் தெரியாதவர்கள் நினைக்கலாம். அது நடக்காது. சாதாரண சார்ஜரில் பின் கண்ணாடி இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ளே தள்ளி நிற்கும். டேடோனாவில் அந்தக் குழியை மூடி, கண்ணாடியைக் கூரையின் சரிவோடு சரிவாகப் படுக்க வைத்திருப்பார்கள். அதற்காக டிக்கி மூடியையே குட்டையாக்கினார்கள். ஆகவே டேடோனாவின் கண்ணாடி, இல்லாவிட்டால் சார்ஜர் 500-இன் கண்ணாடி. இரண்டும் தனியாகக் கடையில் கிடைக்காத சரக்கு.

ஒஹையோவில் ஒரு மாடல் கண்காட்சியில் சந்தித்த பெரியவரே, இது உங்களுக்கு. உங்கள் மேசையில் நின்று பத்து நிமிஷம் பேசியிருப்பேன், அவ்வளவுதான் நம் பழக்கம். முகவரியை ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டீர்கள். நானே அதை மறந்திருந்த நேரத்தில் ஒரு சின்னப் பொட்டலம் வந்தது. புதினா மிட்டாய் டப்பா, உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் கீறல் ஒன்றுகூட இல்லாத பின் கண்ணாடி. உங்களிடம் இருந்த பாதி உடைந்த டேடோனா கிட்டிலிருந்து கழற்றியது என்றும், பணம் வேண்டாம், முடிந்ததும் ஒரு படம் அனுப்பினால் போதும் என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் பொருத்திப் பார்த்தபோது உடம்பின் விளிம்போடு அச்சாக உட்கார்ந்தது. இந்த வேலை முடியும் என்று நான் நம்பியது அந்த நிமிஷத்தில்தான்.

எங்கள் பகுதி ஹாபி கடைக்காரருக்கு அடுத்த நன்றி. புதுக் கிட் ஒன்றை என் தலையில் கட்டியிருந்தால் அவருக்கு லாபம். அவர் செய்யவில்லை. பழைய பெயின்ட்டை எடுக்க விலை உயர்ந்த திரவம் எதுவும் தேவையில்லை, அடுப்பு சுத்தம் செய்யும் ஸ்ப்ரே போதும், கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வெளியே வைத்துச் செய் என்றார். மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கத் தேய்க்க வெள்ளை கரைந்து, அடியிலிருந்து பிளாஸ்டிக் புதுசாக வந்தது. முறுக்கிக்கொண்டிருந்த சேஸிஸை வெந்நீரில் முக்கிச் சமமான கண்ணாடிமேல் அழுத்திப் பிடிக்கச் சொன்னதும் அவரே. பழுப்பேறிய டெக்கால் தாளைத் தெற்குப் பார்த்த சன்னலில் ஒட்டி வெயில் காட்டச் சொன்னார். மிச்சிகன் குளிர்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? காத்திருந்தேன். வசந்தம் வந்ததும் பழுப்பு வெளுத்தது.

நீலத்தைத் தேர்ந்தெடுப்பதில் அவர் காட்டிய அக்கறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பி5 என்று குறித்த பளபளப்பு நீலம் அது. உண்மையான காருக்கு அடிக்கும் பெயின்ட்டை வாங்கி மாடலுக்கு அடித்தால், அதிலுள்ள உலோகத் துகள் 1/25 அளவில் கூழாங்கல் அளவுக்குத் தெரியும். நிறம் சரியாக இருந்தாலும் கண் ஏமாறாது. துகள் பொடியாக இருக்கும் நீலத்தைத் தேடி, பிளாஸ்டிக் கரண்டிகளில் வெவ்வேறு பிரைமர்மேல், அதாவது அடிப்பூச்சின்மேல், அடித்துக் காட்டினார். சாம்பல் பிரைமர்மேல் அடித்தது ஒன்றுதான் பொருந்தியது. மாடல் செய்கிறவர்கள் பலர் நிறத்தின் பெயரைப் பார்த்து வாங்குகிறார்கள். அடியில் என்ன இருக்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்பேன்.

விங் தாங்கிக்கு வருகிறேன். அலுவலகத்தில் என் பக்கத்து இருக்கைத் தம்பி, மதுரைக்காரன். வீட்டில் ரெசின் பிரின்டர் வைத்திருக்கிறான். "அண்ணா, உடையாம இருக்கிற பக்கத்தைக் குடுங்க, பாத்துக்கலாம்" என்று வாங்கிப் போனான். வெர்னியரில் அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, இடவலம் புரட்டி அச்சடித்தான். உண்மைக் காரில் 23 அங்குலம் என்றால் இங்கே 23 மில்லிமீட்டர் சொச்சம், உயரம் ஒரு பிரச்சனையே இல்லை. கஷ்டம் குறுக்குவெட்டில். தாங்கி தட்டைப் பலகை இல்லை, முன்பக்கம் உருண்டு பின்பக்கம் மெலிந்து போகும். தடிமனைச் சிறிது சிறிதாக மாற்றி நாலைந்து எடுத்து வந்து, "எது கண்ணுக்குச் சரியா இருக்கோ அதை வெச்சுக்கோங்க" என்று என் மேசையில் பரப்பினான். உனக்கு நான் வாங்கிக் கொடுத்த பிரியாணி இதற்கு ஈடாகாது, தம்பி.

அந்தத் தாங்கிகளை எங்கே நிறுத்துவது என்பதில் எங்கள் தெருவின் மூத்தவர் உதவினார். ஹாம்ட்ராம்க்கில் இருந்த டாட்ஜ் மெயின் ஆலையில் வேலை பார்த்தவர். 1980-இல் மூடப்பட்டுப் பிறகு இடித்துத் தள்ளிய ஆலை அது. டேடோனாவாக மாறிய சார்ஜர்கள் அங்கேதான் உருவாயின. மூக்கும் விங்கும் வைக்கிற வேலை டெட்ராய்ட்டின் கிரியேட்டிவ் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் நடந்தது. என் மாடலைக் கையில் வாங்கிப் பார்த்தவர், தாங்கிகள் டிக்கி மூடியின்மேல் நிற்கக்கூடாது, இரு பக்கப் பின் தகடுகளின்மேல் நிற்க வேண்டும், உள்ளே டிக்கிக்குள் அவற்றுக்கு முட்டுக்கம்பிகள் உண்டு என்று விரலால் தொட்டுக் காட்டினார். டிக்கி திறக்கும் மாடல் இல்லை இது, முட்டுக்கம்பி வெளியே தெரியப்போவதும் இல்லை. ஆனாலும் அவர் சொன்ன பிறகு வைக்காமல் இருக்க மனம் வரவில்லை. உள்ளே இருக்கிறது, ஐயா.

இனி எஞ்சின். ஹெமி என்று பெயர், 426 கன அங்குலம், அதாவது ஏழு லிட்டர், 425 குதிரைத்திறன், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு கார்ட்டர் கார்புரேட்டர்கள். 503 டேடோனாக்களில் 70-இல் மட்டுமே இந்த எஞ்சின் இருந்தது. கிட்டில் ஆரஞ்சு அடித்து உட்கார வைத்தால் வேலை முடிந்தது என்று விட்டுவிடலாம். எனக்கோ ஸ்பார்க் பிளக் வயர்கள் இல்லாத எஞ்சினைப் பார்த்தால் நரம்பில்லாத உடம்பைப் பார்ப்பதுபோல் இருக்கும்.

உட்வர்ட் அவென்யூவில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் ட்ரீம் குரூஸில், 1969 சார்ஜர் ஆர்/டி ஒன்றின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவருக்கு என் வணக்கம். பானெட்டுக்குக் கீழே இதே ஹெமி. நான் செய்கிற மாடலைப் பற்றிச் சொன்னதும் எழுந்து வந்து, கயிற்றை விலக்கி, "கிட்ட வந்து படம் எடு" என்றார். வெயில் படாத இடங்களுக்கு அவரே டார்ச் பிடித்தார். ஹெமியில் பிளக்குகள் பக்கவாட்டில் இருப்பதில்லை. கரடுமுரடான கருப்பு வால்வ் கவரின் நடுவிலேயே வரிசையாக நாலு துளைகள், வயர்கள் அவற்றுக்குள் நேராக இறங்கி மறைந்துவிடும். எந்த வயர் எதன்மேல் படுத்துப் போகிறது, எங்கே கொக்கியில் சேர்த்துப் பிடித்திருக்கிறது என்பதெல்லாம் அந்தப் படங்கள் இல்லாமல் எனக்குத் தெரிந்திருக்காது.

படம் இருந்தும் எந்த வயர் எந்தச் சிலிண்டருக்கு என்ற குழப்பம் தீரவில்லை. அங்கே வந்தார் எங்கள் கோயம்புத்தூர் அக்கா, எஞ்சின் வேலையிலேயே ஊறியவர். ஒரு டிஷ்யூ தாளில் வட்டம் போட்டார், மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் அது. சுற்றி எட்டுப் புள்ளி. ஓட்டுநர் பக்கம் 1, 3, 5, 7, எதிர்ப்பக்கம் 2, 4, 6, 8. "இதுக்கு எரியிற வரிசை 1-8-4-3-6-5-7-2. இந்த எஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டர் இடப்பக்கமாச் சுத்தும், அதனால கடிகாரத்துக்கு எதிர்த்திசையில எழுதிட்டே வாங்க. ஒண்ணாம் சிலிண்டரைப் பிடிச்சுட்டா மத்தது தானா வந்து உக்காரும் தம்பி" என்றார். அப்படியே உட்கார்ந்தது. உண்மையில் 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள வயர், 1/25-இல் 0.28 மில்லிமீட்டர். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் சுற்றி எட்டுத் துளை, காயிலிலிருந்து வரும் வயருக்கு நடுவில் ஒன்று. துளை போட்டது நான். வயரின் நுனியை அத்தனை சின்னத் துளைக்குள் நுழைத்தது என் மகள். ட்வீஸரை அவள் பிடித்தபோது கை ஆடவே இல்லை. ஐந்தாம் சிலிண்டர் வயர் மூன்றாவதின் அடியில் போக வேண்டும் என்று படத்தைப் பார்த்து என்னைத் திருத்தியதும் அவள்தான். கண்ணம்மா, அந்த எஞ்சின் உன்னுடையது.

இதற்குப் பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. கிளியர் கோட், பாலிஷ், முன் கண்ணாடியின் இருபுறத் தூண்களுக்கு மெல்லிய உலோகத் தாள், பின்பக்கம் வெள்ளைப் பட்டையும் டேடோனா என்ற எழுத்தும். சன்னலில் வெளுத்த அதே டெக்கால்தான், கிழியாமல் வந்தது.

கடைசியாகச் சில விஷயங்கள். விங் தாங்கியின் அச்சுக் கோப்பைக் கேட்பவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடச் சொல்லித் தம்பி அனுமதி தந்திருக்கிறான். வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள். அக்கா வரைந்த டிஷ்யூ தாளைப் படமெடுத்து வைத்திருக்கிறேன், அதுவும் கிடைக்கும். தெருவின் மூத்தவர் வீட்டுக்கு மாடலை ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் போகிறோம்.

ஒஹையோ பெரியவருக்கு: நீங்கள் கேட்ட படம் இந்த வாரத் தபாலில் வருகிறது. கண்ணாடியை எனக்குத் தந்துவிட்டதால் உங்கள் டேடோனாவுக்கு இப்போது பின் கண்ணாடி இல்லை. அதற்கு வேறென்னவெல்லாம் குறைகிறது என்று ஒரு பட்டியல் அனுப்புங்கள். தாங்கிகள் இரண்டைப் படத்தோடு வைத்திருக்கிறேன், மற்றவற்றை நான் தேடுகிறேன்.

நன்றியுடனும் அன்புடனும்,
டிராய், மிச்சிகனிலிருந்து