நோட்டீஸ் போர்டில் நட்பு முளைக்காது: குடியிருப்பு வாட்ஸ்அப் அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களின் செயலாளர்களுக்கும், அவர்கள் சார்பில் வாட்ஸ்அப் குழுவைக் கட்டி மேய்க்கும் அட்மின்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் வேலைக்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டேதான் எழுதுகிறோம். தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு, லிஃப்ட் சர்வீஸ் என்றைக்கு, ஜெனரேட்டர் ஏன் ஓடவில்லை என்ற விவரமெல்லாம் உங்கள் குழுவில் ஒழுங்காக வந்துவிடுகிறது. ஆனால் நாலு வருடமாக ஒரே குழுவில் இருக்கும் மூன்றாம் மாடிக்காரரும் ஏழாம் மாடிக்காரரும் லிஃப்ட்டில் ஏறினால், இருவரும் கதவுக்கு மேலே மாறும் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ஃபிளாட் நம்பர் தெரிகிறது, ஆள் தெரியவில்லை.

‘இந்தக் காலத்து ஜனங்க யாரோடும் ஒட்ட மாட்டாங்க’ என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்வார்கள். நாங்கள் அதை ஏற்கவில்லை. தெருக்குழாயடியில் குடத்தோடு நின்றவர்களும் பழக வேண்டும் என்று நினைத்துப் பழகவில்லை. நிற்க வேண்டியிருந்தது, நின்றார்கள், பேச்சு வந்தது. உங்கள் குழுவில் அப்படி நிற்க இடமில்லை. அதைக் கட்டிய விதத்தில்தான் கோளாறு.

கோளாறு எங்கே என்றால், அறிவிப்பு, புகார், அரட்டை மூன்றும் ஒரே குழுவில் ஓடுகின்றன. மோட்டார் ரிப்பேர் அறிவிப்பு நாற்பது மெசேஜுக்கு அடியில் போய்விடும். தண்ணீர் இல்லாமல் தவித்தவர் கோபத்தில், ‘இது அஃபிஷியல் குரூப், தேவையில்லாததைப் போடாதீங்க’ என்று எழுதுவார். அவர் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு வரிக்குப் பிறகு, ‘மாடியில் இன்றைக்கு வானவில் தெரிந்தது’ என்று எழுத நினைத்தவர் எழுத மாட்டார். சொந்தமாக ஒரு வரி எழுதக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும், ஃபார்வர்டுக்கு அது வேண்டாம். அதனால் திட்டு விழுந்த குழுவில் சொந்த வரிதான் முதலில் சாகும். குட் மார்னிங் ரோஜாப்பூ பிழைத்துக்கொள்ளும்.

ஆகவே முதல் வேலை பிரிப்பது. இப்போதிருக்கும் பெரிய குழுவை அறிவிப்புக்கு மட்டும் வைத்து, அட்மின் மட்டுமே எழுதலாம் என்று மாற்றுங்கள். குழுவின் அமைப்புகளில் இந்த வசதி 2018 முதலே இருக்கிறது. புகாருக்குக் குழுவே வேண்டாம். பராமரிப்பு மேலாளரின் எண், ஒரு கூகுள் படிவம், அல்லது செக்யூரிட்டி மேசையில் ஒரு நோட்டு போதும். புகார் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் விழுந்தால், அது வேலை நடப்பதற்காக இல்லாமல் யாரையோ குத்துவதற்காக எழுதப்படும். அரட்டைக்குத் தனிக் குழு தொடங்குங்கள். அதில் யாரையும் நீங்களே சேர்க்காதீர்கள். பிளாக் நோட்டீஸ் போர்டில் க்யூஆர் ஒட்டி, விருப்பமுள்ளவர் வரட்டும் என்று விடுங்கள். அட்மின் ஒப்புதல் தேவை என்பதை மட்டும் ஆன் செய்து, ஃபிளாட் எண் கேட்டு உள்ளே விடுங்கள். சேர்க்கப்பட்டவர் மியூட் போடுவார். தானாக வந்தவர் ஒருமுறையாவது எட்டிப் பார்ப்பார்.

எத்தனை பேர்? வாட்ஸ்அப் 1,024 பேர் வரை இடம் தருகிறது. இடம் இருக்கிறதே என்று நிரப்ப வேண்டாம். முப்பதிலிருந்து ஐம்பது வரை, பிளாக்குக்கு ஒரு குழு என்பது எங்கள் கணக்கு. பதினைந்துக்குக் கீழே போனால் இரண்டு பேர் ஊருக்குப் போனதும் குழு படுத்துவிடும். நூறைத் தாண்டினால், பேசுகிறவர் கூட்டத்துக்கு முன் மைக் பிடித்தவர்போல் ஆகிவிடுவார். இணையச் சமூகங்களில் நூறு பேரில் தொண்ணூறு பேர் படிப்பவர்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுபவர்கள், ஒருவர்தான் ஓயாமல் எழுதுபவர் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-இல் எழுதினார். தோராயமான விதிதான், ஆனால் பெரும்பாலும் பொருந்தும். அதன்படி நாற்பது பேர் குழுவில் வாய் திறப்பவர் நாலு பேர். அந்த நாலு பேர் யார் என்று குழு தொடங்கும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு வயதில், ஆண் பெண் கலந்து, அவர்களில் ஒருவராவது வாடகைக்கு இருப்பவராகப் பாருங்கள்.

வாடகைக்காரர் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பல இடங்களில் ‘ஓனர்ஸ் குரூப்’ மட்டுமே உண்டு. பெயின்ட் கான்ட்ராக்ட் விவாதத்துக்கு அது சரி. ஆனால் புது ஊருக்கு வந்து, பக்கத்தில் எந்தக் கிளினிக் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்று தெரியாமல் கைக்குழந்தையோடு நிற்பவர் பெரும்பாலும் வாடகை வீட்டுக்காரர்தான். அரட்டைக் குழுவில் ஓனர், வாடகை என்ற பேச்சே வரக்கூடாது. வேலைக்குப் போகும் பையன்கள் நாலு பேர் சேர்ந்து தங்கும் வீட்டையும் விட்டுவிடாதீர்கள். ராத்திரி பதினொன்றுக்கு ஆஸ்பத்திரிக்குப் போக பைக் எடுக்கிறவர்கள் அவர்கள்தான்.

புதிதாக வருபவரிடம் ‘அறிமுகம் செய்துகொள்ளுங்கள்’ என்று கேட்டால் கம்பெனிப் பெயரும் பதவியும் வரும். அதற்கு மேல் பேச யாருக்கும் எதுவும் இருக்காது. மூன்றே விஷயம் கேளுங்கள்: எந்த ஃபிளாட், உங்களை எப்படிக் கூப்பிடலாம், எதற்கு உங்கள் கதவைத் தட்டலாம். கடைசிக் கேள்விதான் முக்கியம். ஒருவர் டிரில்லிங் மெஷின் இருக்கிறது என்பார், ஒருவர் ஊசி போடத் தெரியும் என்பார், இன்னொருவர் நார்த்தங்காய் ஊறுகாய்க்குப் பக்குவம் கேளுங்கள் என்பார். இந்தப் பதில்களைத் தொகுத்து ஒரே மெசேஜாக எழுதி, குழுவின் மேலேயே நிற்கும்படி முப்பது நாளுக்கு ‘பின்’ (pin) செய்து வையுங்கள்; முப்பது நாள் முடிந்ததும் புது ஆட்களைச் சேர்த்து மறுபடி.

இனி தினப் பேச்சு. ‘எல்லாரும் எப்படி இருக்கீங்க?’ என்பது பதில் வராத கேள்வி. எல்லாரையும் பார்த்துக் கேட்டதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. யோசிக்காமல் அரை நிமிடத்தில் பதில் எழுதக்கூடிய, ஆனால் ஆளுக்கு ஆள் பதில் மாறக்கூடிய கேள்வி வேண்டும். இந்தப் பக்கம் மாவு எந்தக் கடையில் புளிக்காமல் கிடைக்கிறது? மழை பெய்தால் உங்கள் பால்கனியில் எந்தப் பக்கத்துச் சாரல்? மத்தியானம் வைத்த குழம்பு ராத்திரிக்கு என்ன ஆகிறது? வாரத்துக்கு மூன்று போதும். தினமும் கேட்டால் பள்ளிக்கூட வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிடும். காலை ஏழிலிருந்து ஒன்பது வரை எதுவும் வேண்டாம், அது ஸ்கூல் வேன் நேரம். மாலை காபி வேளையும் ராத்திரி எட்டரைக்குப் பிறகும் சரியாக வரும். கேட்ட அரை மணிக்குள் அந்த நாலு பேரில் இரண்டு பேராவது பதில் எழுதிவிட வேண்டும். காலியாகக் கிடக்கும் கேள்வியின் கீழே முதல் ஆளாக எழுத யாருக்கும் கூச்சம்தான்.

இதைவிட நுணுக்கமான இடம் ஒன்று இருக்கிறது. என்றாவது ஒரு நாள் யாராவது, கேட்காமலே, ‘பையனை ஹாஸ்டலில் விட்டுட்டு வந்தாச்சு. வீடு வெறிச்சுனு இருக்கு’ என்று எழுதுவார். நீங்கள் குழு தொடங்கியதே இந்த ஒரு வரிக்காகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குப் பதினாறு கட்டைவிரல் குறி விழுந்து பேச்சு அதோடு நின்றால், அவர் மறுபடி எழுத மாட்டார். கட்டைவிரல் ‘பார்த்தேன்’ என்று மட்டுமே சொல்லும். புத்திமதியும் வேண்டாம், ‘போகப் போகப் பழகிடும்’ என்பது கதவைச் சாத்தும் வாக்கியம். ஒரே ஒரு கேள்வி போதும்: ‘எந்த ஊர் காலேஜ்?’ அல்லது ‘மெஸ் சாப்பாடு எப்படியாம்?’ கேள்வி வந்தால் அவர் பதில் சொல்வார், அந்தப் பதிலில் இன்னொருவருக்குச் சொல்ல ஏதாவது இருக்கும். ‘என் பொண்ணும் அங்கதான்’ என்று ஒருவர் வந்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது. நடுவில் புகாதீர்கள்.

பிறந்தநாளுக்குக் கதை நேர்மாறு. நாற்பது பேரும் தனித்தனியே கேக் படம் போட்டால் நாற்பது முறை போன் அடிக்கும், அந்த வாரமே பத்துப் பேர் மியூட் போடுவார்கள். ஒருவர் வாழ்த்தட்டும், மற்றவர்கள் அதன்மேல் இதயம் போடட்டும். துக்கச் செய்தி என்றால் நாற்பது ‘ஆழ்ந்த இரங்கல்’களால் யாருக்கும் பயன் இல்லை. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள், வண்டி எந்த கேட் வழியாக வரும், அந்த வீட்டுக்குக் காபி பிளாஸ்க் யார் கொண்டுபோகிறார்கள், மத்தியானச் சாப்பாடு யார் பொறுப்பு என்று நாலு வரி இருந்தால் போதும்.

ஃபார்வர்டைப் பற்றி நீண்ட சட்டம் எழுத வேண்டாம். ‘கையால் எழுதியது, தானே எடுத்த படம், தன் குரல் மட்டும்’ என்று குழு விவரத்தில் ஒரே வரி எழுதுங்கள். அரசியல், மதம், சாதி, சீட்டு விற்பனை என்று தடைப் பட்டியல் போட்டால், பட்டியலில் இல்லாததை ஒருவர் கொண்டுவந்து வாதாடுவார். மேலே சொன்ன ஒரு வரி முக்கால்வாசியை வடிகட்டிவிடும்.

அடுத்து மொழி. முதல் பத்து மெசேஜ் ஆங்கிலத்தில் ஓடினால், தமிழில் மட்டுமே சரளமாக எழுதக்கூடிய அம்மாக்களும் தாத்தாக்களும் படிப்பவர்களாகவே நின்றுவிடுவார்கள். அவர்களிடம்தான் பொழுதும் இருக்கிறது, சொல்ல விஷயமும் இருக்கிறது. அட்மின் முதலில் தமிழில் எழுதுங்கள். தங்கிலீஷில் எழுதுகிறவரைத் திருத்தாதீர்கள். தெலுங்கோ இந்தியோ பேசுகிற வீடு இருந்தால் அவர்கள் அவர்கள் மொழியில் எழுதட்டும், பக்கத்து வீட்டார் எடுத்துச் சொல்வார். தட்டச்சு வராத பெரியவருக்கு ஜிபோர்டு என்ற கூகுள் கீபோர்டில் தமிழைச் சேர்த்து, மைக்கை அழுத்திப் பேசினால் எழுத்தாக வரும் என்று ஒரு முறை நேரில் காட்டுங்கள். பத்து நிமிட வேலை. குரல் பதிவு என்றால் ஒரு நிமிடத்துக்குள் என்று சொல்லிவையுங்கள், நாலு நிமிடப் பதிவை யாரும் கேட்பதில்லை.

பெண்கள் ஏன் எழுதுவதில்லை என்று கேட்கும் அட்மின்கள், அந்தக் குழுவில் எல்லார் எண்ணும் எல்லாருக்கும் தெரிகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். குழுவில் ஒரு வரி எழுதிய ராத்திரியே தனிச்செய்தியில் ‘ஹாய், சாப்டீங்களா’ என்று முன்பின் அறியாத ஆளிடமிருந்து வந்தால், அவர் அதோடு எழுதுவதை விட்டுவிடுவார். புகாராகவும் சொல்ல மாட்டார். குழுவில் அறிமுகமாகாதவருக்கு அனுமதி கேட்காமல் தனிச்செய்தி அனுப்பக்கூடாது என்பது விதியாக இருக்கட்டும். அட்மின்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்கட்டும், சொல்ல ஓர் ஆள் வேண்டும். புரொஃபைல் படத்தைத் தன் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றும் வழியையும் சேரும்போதே சொல்லிக் கொடுங்கள்.

சண்டை வரத்தான் செய்யும். பெரும்பாலும் நாய், பார்க்கிங், வராண்டாவில் செருப்பு ஸ்டாண்ட். வண்டி எண்ணோடு படம் எடுத்துப் போடுவதும், பராமரிப்புப் பாக்கிப் பட்டியலைக் குழுவில் ஒட்டுவதும் மனதில் ஆறாது. அந்தப் பட்டியலில் பெயர் வந்தவர் பாக்கியைக் கட்டிவிடுவார், ஆனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அப்படி ஏதாவது வந்தால் குழுவில் பதில் எழுதாமல், உடனே நீக்கிவிட்டு, போட்டவருக்குப் போன் செய்யுங்கள். மெசேஜ் வேண்டாம், எழுத்தில் எந்தக் குரலும் அதட்டலாகவே கேட்கும். அட்மின் யாருடைய செய்தியையும் எல்லாருக்கும் நீக்க முடியும், ஆனால் நீக்கியதை எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் ‘பார்க்கிங் விஷயம் செயலாளருக்குப் போய்விட்டது’ என்று காரணத்தை ஒரு வரி எழுதிவிடுங்கள். இருவர் மாறி மாறிப் பத்து மெசேஜைத் தாண்டிவிட்டால் மறுநாள் காலை வரை அட்மின் மட்டும் எழுதும்படி குழுவைப் பூட்டுங்கள். ஆளை வெளியேற்றுவது கடைசி. வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஃபிளாட்டில்தான் இருக்கப் போகிறார். யாராவது சத்தமில்லாமல் தாமே வெளியேறினால் அதற்கான அறிவிப்பு அட்மினுக்கு மட்டும் வரும். ஒரு வாரம் கழித்து நேரில் பார்க்கும்போது, குற்றம் சாட்டாமல், ஏன் என்று கேளுங்கள்.

அட்மின் என்றால் கேஸ் வருமே என்று பயந்து பலர் பொறுப்பேற்பதில்லை. உறுப்பினர் போட்ட பதிவுக்கு, வெறும் அட்மினாக மட்டும் இருந்தவரைப் பொறுப்பாக்க முடியாது என்ற திசையில்தான் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரிலும், கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியிலும் சொல்லியிருக்கின்றன. அதற்காகக் கண்ணில் பட்ட விஷமத்தை விட்டுவைக்கலாம் என்று பொருளில்லை.

பயப்பட வேண்டியது வேறு. கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு, வந்தால் திறக்கக்கூடாது. ‘தவறுதலாக உங்களுக்கு ஆறு இலக்க எண் வந்துவிட்டது, அனுப்புங்கள்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாலும் அனுப்பக்கூடாது. அது உங்கள் வாட்ஸ்அப்பைத் திறக்கும் எண், அவர் கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிட வேண்டும். இந்த மூன்றையும் அறிவிப்புக் குழுவில் மாதம் ஒரு முறை போடுங்கள்.

இத்தனையும் செய்தாலும் திரையில் கிடைப்பது அறிமுகம்தான். அறிமுகமானவர் சாதாரண நண்பராகச் சுமார் ஐம்பது மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும், நெருங்கிய நண்பராக இருநூறுக்கு மேல் என்று கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. குழுவில் தினம் பத்து நிமிடம் பேசினால் ஐம்பது மணி நேரத்துக்கு முந்நூறு நாள் ஆகும். வாரம் நாலு நாள், முக்கால் மணி நேரம் சேர்ந்து நடந்தால் பதினேழு வாரம். ஆகவே குழுவில் ஒரே ஒரு நிலையான நேரம் இருக்கட்டும்: ஞாயிறு மாலை ஐந்தரைக்கு மாடியில் காபி, அவரவர் டம்ளரோடு. யார் வருகிறீர்கள் என்று வாக்கெடுப்பு வேண்டாம். மூன்று பேர்தான் என்று தெரிந்தால் மூன்றாமவரும் வர மாட்டார். மூன்று பேர் வந்தாலும் நடத்துங்கள். தலைவர் உரை, கோலப்போட்டி, பரிசு எதுவும் வேண்டாம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் முடிச்சூரிலும் தண்ணீர் சூழ்ந்தது. கரண்ட் இல்லை, பல இடங்களில் சிக்னலும் இல்லை. அந்நேரம் வாட்ஸ்அப் உதவாது. எந்த வீட்டில் தனியாக இருக்கும் பாட்டி, எந்த வீட்டில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய இன்சுலின் என்பது மனிதர்களின் தலையில் இருந்தாக வேண்டும். மாவுக் கடையில் தொடங்கும் பேச்சு வழியாகத்தான் அது தலைக்குள் போகிறது.

அடுத்த பொதுக்குழுவில் இரண்டு தீர்மானம் கேட்கிறோம். ஒன்று, இப்போதைய குழு அட்மின் மட்டும் எழுதும் அறிவிப்புக் குழுவாக மாற வேண்டும். இரண்டு, ஒவ்வொரு பிளாக்குக்கும் வாடகைக்காரரையும் சேர்த்த அரட்டைக் குழு ஒன்றை மூன்று மாதம் நடத்திப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து மெசேஜ்களை எண்ணாதீர்கள். லிஃப்ட்டில் ஏறி, பேசுகிறார்களா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் குழுக்களில் இன்னும் மியூட் போடாத சிலர்