மெதுவாக ஓட்டியவர்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய போலீஸ் மோட்டார் சைக்கிள்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ட்ரையம்ப் தண்டர்பேர்டை போலீஸுக்கென்று மாற்றி அமைத்த 650 சிசி வண்டிக்கு 'செயின்ட்' என்று பெயர் வந்த கதையையும் சொல்லியிருந்தீர்கள். எதையும் நொடியில் நிறுத்திவிடும் என்று பொருள்படும் ஆங்கில வாசகத்தின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். படித்ததில் சந்தோஷம். ஆனால் கட்டுரை முழுக்க வேகம், சிசி, குதிரைத்திறன் என்றே போய்விட்டது. அதில்தான் எனக்கு மனத்தாங்கல்.

என் சித்தப்பா போலீஸில் 20 வருஷத்துக்கு மேல் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். துரத்திப் பிடித்த கதை அவரிடம் மொத்தமே இரண்டோ மூன்றோதான் இருந்தது. மற்ற நாளெல்லாம் அவர் செய்த வேலை, மெதுவாக ஓட்டுவது. ஊர்வலத்துக்கு முன்னால், கூட்டத்துக்கு நடுவே, நடந்து போகிறவர் வேகத்தில், கால் தரையில் படாமல் மணிக்கணக்கில் ஓட்ட வேண்டும். அந்த கனமான வண்டியை அப்படி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தூக்கி ஒரே சீராக வைத்துக்கொண்டு, கிளட்ச்சைப் பாதி விட்டுப் பாதி பிடித்து, பின் பிரேக்கில் பாதத்தை லேசாக அழுத்தியபடியே போக வேண்டும். முன் பிரேக்கைத் தொடவே கூடாது. ஹேண்டில்பார் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைப் பிடித்தால் வண்டி அப்படியே சாய்ந்துவிடும். லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிறோமே, அதையே பாதி இடத்துக்குள் சித்தப்பா நாள் முழுக்கப் போடுவார்.

மெதுவாகப் போவதற்காகவே பெயர் வாங்கிய போலீஸ் வண்டி ஒன்று உண்டு. 1948-ல் வந்த வெலோசெட் எல்இ. முதலில் 149 சிசி, பிறகு 192 சிசி. இரண்டு சிலிண்டரும் எதிரெதிரே படுத்திருக்கும். அந்தக் காலத்திலேயே தண்ணீரால் குளிரும் இன்ஜின், செயினுக்குப் பதில் ஷாஃப்ட். பக்கத்தில் வந்து நிற்கும்வரை சத்தமே தெரியாது என்பதால் இங்கிலாந்துப் போலீஸார் பீட் பார்க்க அதைத்தான் எடுத்துப் போனார்கள். மேலதிகாரியைக் கண்டால் சல்யூட் அடிக்க ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்க வேண்டுமே, அது ஆபத்து. அதனால் தலையை மட்டும் அசைத்தால் போதும் என்று விட்டுவிட்டார்கள். அதிலிருந்து அந்த வண்டிக்கு 'நாடி' (Noddy) என்றே பெயர் நிலைத்தது. தலையசைப்பவர் என்று அர்த்தம். இப்படி ஒரு வண்டிக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

சித்தப்பா ரிட்டயர் ஆனதும் சொந்தமாக ஒரு பழைய 350 சிசி புல்லட் வாங்கினார். வலது பக்கம் கியர், இடது பக்கம் பிரேக். எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தது அதில்தான். முதல் ஒரு வாரம் ஓட்டவே விடவில்லை. ஸ்டார்ட் செய்ய மட்டும் பழகு என்றார். சாவியைப் போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்திக்கொண்டே, மின்னோட்டத்தைக் காட்டும் ஆம்மீட்டரைப் பார்க்க வேண்டும். மைனஸ் பக்கம் கிடக்கும் முள் நடுவுக்கு வந்ததும் நிறுத்த வேண்டும். பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் சுவிட்ச்சான பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் மேலே வந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்போது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்து இன்னும் ஒரு விரற்கடை கிக்கரை இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு ஒரே மிதி. அவசரப்பட்டு முன்னாலேயே மிதித்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். எனக்கும் ஒரு முறை அடித்தது. நாலு நாள் கணுக்கால் வீங்கிக் கிடந்தது.

பிறகு அதே வண்டியில் நாங்கள் இருவரும் 11 நாள் நெடும்பயணம் போனோம். நான் ஓட்ட, அவர் பின்னால். கிளம்புவதற்கு முந்தின நாள், மாற்று கிளட்ச் கேபிள் ஒன்றை எடுத்து, ஓடுகிற கேபிளுக்குப் பக்கத்திலேயே வைத்து டேப் சுற்றிவிட்டார். வழியில் அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும். பாயின்ட் இடைவெளியை, ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு வைத்துப் பார்த்து, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். "அம்பதுலயே போடா. அதுக்கு மேல போனா இன்ஜின் சத்தம் உனக்குக் கேக்காது, காத்து சத்தம்தான் கேக்கும்" என்பார்.

நாலாம் நாள் ஒரு மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பியிருக்கிறோம், எதிரே ஒரு லாரி மொத்தப் பாதையையும் அடைத்துக்கொண்டு இறங்குகிறது. உட்பக்கம் கால் ஊன்ற இடமில்லை, அங்கே வெறும் சரிவு. பின்னால் சித்தப்பா, இரண்டு பக்கமும் மூட்டை. என் வலது கை தானாக முன் பிரேக்குக்குப் போனது. "தொடாதே" என்று காதுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை. பாதி கிளட்ச், பின் பிரேக், ஒரே சீராக ஆக்சிலேட்டர். வண்டி நின்றதா நகர்ந்ததா என்றே சொல்ல முடியாது. லாரியின் பின்சக்கரம் எங்களைத் தாண்டியதும் கிளட்ச்சை விட்டேன், ஏறிவிட்டது. அன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது ஊர்வலத்துக்கு முன்னால் அவர் கற்ற வித்தைதான் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

நெடும்பயணம் என்றாலும் பத்திரிகைகளில் ஒரே நாளில் எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்குத்தான் வருகிறது. அகஸ்டா, அடலின் வான் பியூரன் என்ற அக்கா தங்கை 1916-ல் ஆளுக்கொரு இந்தியன் மோட்டார் சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தார்கள். சுமார் 5,500 மைல், 60 நாள். ஒரு நாளைக்குச் சராசரி நூறு மைல்கூட இல்லை. வழியில் சில ஊர்களில் அவர்களைப் போலீஸ் பிடித்தும் வைத்தது. வேகமாகப் போனதற்காக இல்லை, ஆண்களைப் போல கால்சட்டை போட்டதற்காக! தெரசா வாலக், ஃப்ளோரன்ஸ் பிளென்கிரன் இருவரும் 1934 டிசம்பரில் லண்டனில் கிளம்பி, 600 சிசி பாந்தர் வண்டியில் சைடுகார், அதற்குப் பின்னால் ஒரு டிரெய்லர் என்று இழுத்துக்கொண்டு சஹாராவைக் கடந்து, 1935 ஜூலை கடைசியில்தான் கேப் டவுன் சேர்ந்தார்கள். ஏழு மாசத்துக்கு மேல். டெட் சைமன் 500 சிசி ட்ரையம்ப்பில் உலகத்தைச் சுற்றி வர நாலு வருஷம் ஆனது, 1973 முதல் 1977 வரை. இவர்களில் யாரையும் மணிக்கு எத்தனை மைல் போனார்கள் என்பதற்காக நாம் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

இன்றைக்கு இருக்கிற வண்டிகளில் பாயின்ட் கிடையாது, கிக்கரும் அநேகமாகக் கிடையாது. அதில் எனக்கு வருத்தமில்லை, நல்லதுதான். ஆனால் அந்தப் பழைய வண்டிகளைக் கையாண்ட போலீஸ்காரர்களும் மெக்கானிக்குகளும் எழுபது, எண்பது வயதைத் தாண்டிவிட்டார்கள். வண்டிகளைப் புதுப்பித்து வைக்க ஆள் இருக்கிறது. இவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுத யாரும் இல்லை. தயவுசெய்து மாதம் ஒரு பக்கமாவது இதற்கு ஒதுக்குங்கள். அவர்கள் வாய்ப்பேச்சாகவே போடுங்கள்.

சித்தப்பா இப்போது இல்லை. அவருடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. கிரீஸ் கறையோடு 94 பக்கம். பாயின்ட், பிளக், செயின், டயர் காற்று எல்லாம் தேதி வாரியாக இருக்கிறது. அந்தப் பயணத்தின் 11 நாளும் இருக்கிறது. நாலாம் நாளுக்கு 'பின் பிரேக் ஷூ சூடு, மாலையில் சரி பார்த்தேன்' என்று மட்டும் எழுதியிருக்கிறார். உங்களுக்குப் பயன்படும் என்றால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பல வருட வாசகன்