அப்பா கேட்ட பாடக் கணக்கு

ஸ்காபரோ, கனடா,
ஜூன் மாதம்.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கு நல்ல சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் கோணேசப் பெருமானையும் பத்திரகாளி அம்மனையும் வேண்டுகிறேன்.

"எத்தனை பாடம் எடுக்கிறாய், எப்போது முடியும், முடித்து என்ன வேலை?" என்று போனில் கேட்டீர்கள். உங்களுக்கு அது இரவுச் சாப்பாட்டு நேரம், எனக்கோ பஸ் பிடிக்கிற நேரம். ஒன்பதரை மணித்தியால வித்தியாசத்தை வைத்துக்கொண்டு அவசரத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. ஜூலையில் அடுத்த வருடப் பாடங்களுக்குப் பதிவு தொடங்குகிறது. நானும் எப்படியும் உட்கார்ந்து திட்டம் போட வேண்டியவள்தான். சரி, போடுகிற திட்டத்தை உங்களுக்கே எழுதிவிடுவோம் என்று நினைத்தேன். அம்மா, உங்களுக்கு அலுப்புத் தட்டினால் நேரே கடைசிக்குப் போங்கள், சாப்பாட்டுக் கதை அங்கே இருக்கிறது.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் ஓனர்ஸ் பி.ஏ. பட்டம் வாங்க 20 கிறெடிட் சேர்க்க வேண்டும். ஒரு தவணையில் முடிகிற பாடத்துக்கு அரைக் கிறெடிட். ஆக 40 பாடம். தவணைக்கு ஐந்து பாடம் எடுத்தால் நாலு வருடம். வேலை செய்துகொண்டு படிக்கிறவர்கள் மூன்று நாலு என்று எடுத்து ஐந்தாறு வருடத்தில் முடிக்கிறார்கள், அதை இங்கே ஒருவரும் குறையாகப் பார்ப்பதில்லை. சனி ஞாயிறு தமிழ்க் கடையில் காசுப் பெட்டியடியில் நிற்கிறபடியால் நான் தவணைக்கு நாலோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தைக் கோடையில் பிடித்துக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பாடங்களுக்கு ஏ, பி, சி, டி என்று படி வைத்திருக்கிறார்கள். நான் "அடுத்த வருடம் எல்லாம் பி, பிறகு சி, கடைசியில் டி" என்று சொன்னால் பயப்பட வேண்டாம், அது புள்ளி இல்லை. ஏ என்றால் முதலாம் வருடப் பாடம், டி என்றால் பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி இருந்து கதைக்கிற கடைசி வருட வகுப்பு.

நாலு கிறெடிட் முடிந்தவுடன் எதில் பட்டம் என்று முடிவெடுக்க வேண்டும். ஊரில் சிறப்புப் பட்டம் செய்கிற மாதிரி ஒன்றையே ஆழமாகப் படிக்கலாம், அது ஸ்பெஷலிஸ்ட். இல்லாவிட்டால் இரண்டு மேஜர், அதாவது இரண்டு முதன்மைப் பாடம், அல்லது ஒரு மேஜரும் மைனர் என்ற துணைப் பாடம் இரண்டும். நான் ஆங்கில இலக்கியத்தையும் வரலாற்றையும் இரண்டு மேஜராக எடுக்கிறேன். உங்களுடைய மூன்றாவது கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது. ஒன்ராறியோவில் உயர்தர வகுப்புகளுக்கு ஆசிரியராக வர விரும்பினால், பட்டத்துக்குப் பிறகு நாலு தவணை ஆசிரியப் பயிற்சி. அதற்குள் நுழையவே கற்பிக்கக்கூடிய பாடம் இரண்டு கையில் இருக்க வேண்டும். ஆங்கிலம் மட்டும் படித்துவிட்டு இரண்டாவது பாடத்துக்காகத் திரும்பவும் வகுப்பில் இருக்கிற ஆட்களை நான் கண்டிருக்கிறேன். காசு, ஓசாப் என்ற மாகாண அரசின் உதவித் திட்டத்தில் கொஞ்சம் மானியமாகவும் மிச்சம் கடனாகவும் வருகிறது. கடனைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன், இப்போது எழுதினால் உங்களுக்கு நித்திரை வராது.

திட்டம் போடுகிறவர்கள் எல்லோரும் இங்கே முதலில் கைவைப்பது பாட அட்டவணைப் புத்தகத்தில்தான். அதில் ஆங்கிலத் துறைக்கு மட்டும் பக்கம் பக்கமாகப் பாடங்கள். ஆனால் புத்தகத்தில் இருக்கிற எல்லாம் எல்லா வருடமும் நடக்காது. படிப்பிக்கிற பேராசிரியர் ஆய்வு விடுமுறையில் போனால் அந்தப் பாடம் இரண்டு வருடத்துக்குத் தலைகாட்டாமலும் போகலாம். ஆகவே அந்தந்த வருட நேரசூசியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே இருக்கிற பாடத்துக்குக் கீழே என்னென்ன முடித்திருக்க வேண்டும் என்பதும் உண்டு. அதனால் நான் கடைசி வருடத்திலிருந்து பின்னோக்கி எழுதினேன்: எந்த டி வகுப்புக்குள் போக ஆசை, அதற்கு எந்த சி, அந்த சி-க்கு எந்த பி என்று. கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு மண்டபம், ஐயர், மேளம் என்று பின்னால் வருகிற வேலை மாதிரித்தான்.

பட்டம் எதுவாக இருந்தாலும் ஐந்து துறைகளில் கட்டாயம் ஒவ்வொரு பாடமாவது எடுத்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி. இலக்கியமும் மொழியும், வரலாறும் மெய்யியலும், சமூக விஞ்ஞானம், இயற்கை விஞ்ஞானம், பிறகு கணியம், அதாவது கணக்கு சார்ந்த பாடம். கணியம் என்றதும் என்னோடு படிக்கிற இலக்கியக்காரர்கள் பலருக்கு முகம் செத்துப்போகும். மெய்யியல் துறையின் குறியீட்டுத் தருக்கப் பாடமும் அந்தக் கட்டத்தை நிரப்பும் என்று தெரிந்தபோது நான் சிரித்துவிட்டேன். ஏலெவலில் அளவையியல் என்ற தருக்கப் பாடம் எடுத்தேன் என்று எத்தனை பேர் என்னை இளக்காரமாகப் பார்த்தார்கள்! அந்த உண்மை அட்டவணையும் அனுமான விதிகளும்தான் இப்போது என்னைக் கணக்கிலிருந்து காப்பாற்றப் போகின்றன.

வாசிப்புப் பாரத்தைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்தேன். தவணை பன்னிரண்டு வாரம். ஒரே தவணையில் பதினெட்டாம் நூற்றாண்டு நாவலையும் விக்டோரியா கால நாவலையும் சேர்த்து எடுத்தால் செத்தோம். ஜார்ஜ் எலியட்டின் 'மிடில்மார்ச்' ஒன்றே 800 பக்கமளவில் வரும், அதை இரண்டு மூன்று வாரத்தில் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். இதோடு ஆறாம் ஏழாம் வாரத்தில் எல்லாப் பாடத்துக்கும் ஒரே நேரத்தில் கட்டுரை கேட்பார்கள். ஆகவே நாவல் பாடம் ஒன்றுக்குக் கவிதைப் பாடம் ஒன்று என்று சோடி போட்டிருக்கிறேன்.

கவிதைக்குப் பக்கம் குறைவு, ஆனால் ஒரு பதினாலு வரிக்கு முன்னால் ஒரு முழுப் பின்னேரம் இருக்க வேண்டி வரும். போன தவணையில் ஐயம்பிக் பென்ரமீற்றர் என்ற ஆங்கிலக் கவிதை யாப்பைப் பிரிக்கச் சொன்னார்கள். மெலிந்த அசை, அழுந்திய அசை, இப்படி வரிக்கு ஐந்து சோடி. இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளே மேசையில் விரலால் தட்டித் தட்டி எண்ணினார்கள். எனக்கு நேரசை நிரையசை பிரித்த கை. இரண்டும் ஒன்றில்லை, நாங்கள் குறிலா நெடிலா, ஒற்று வருகிறதா என்று பார்க்கிறோம், அவர்கள் வாய் எங்கே அழுத்துகிறது என்று கேட்கிறார்கள். ஆனாலும் வரியைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு நான் புதியவள் இல்லை. திருக்கோணமலைப் பதிகத்தை நீங்கள் சந்தம் பிசகாமல் பாடச் சொல்லி என்னைப் படுத்திய பாட்டுக்கு இங்கே புள்ளி கிடைக்கிறது.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. 1900க்கு முந்திய இலக்கியத்திலும் கட்டாயம் பாடம் எடுக்க வேண்டும் என்று துறை சொல்கிறது. பெரும்பாலானவர்கள் அதைக் கசாயம் மாதிரிக் கடைசிவரை தள்ளிப்போடுகிறார்கள். நான் அதையே முதலில் வைத்திருக்கிறேன். காரணம் நம்முடைய ஊர், திருகோணமலை.

மூதூர்ப் பெரியம்மா வீட்டுக்கு லாஞ்சில் போவோமே, அந்தக் கொட்டியாரக் குடாவுக்குள்தான் 1660இல் பாய்மரத்தை இழந்த ஓர் ஆங்கிலக் கப்பல் திருத்த வேலைக்காக வந்து நின்றது. கப்பல் தலைவரையும் அவருடைய மகன் ரொபட் நொக்ஸையும் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். மகனுக்கு இருபது வயதும் நிரம்பவில்லை. தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துவிட்டார். மகன் பத்தொன்பது வருடத்துக்கு மேல் இருந்து, 1679இல் மன்னார்ப் பக்கம் அரிப்பு என்ற ஊரிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி ஓடினார். லண்டனில் 1681இல் அவருடைய இலங்கைப் புத்தகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சமூகக்கல்விப் பாடத்தில் படித்த அதே நொக்ஸ்தான். அங்கே சொல்லாதது என்னவென்றால், ஆங்கில நாவலாசிரியர் டானியல் டிஃபோ அந்தப் புத்தகத்தை வடிவாக வாசித்திருக்கிறார். 1720இல் வந்த 'கப்டன் சிங்கிள்டன்' நாவலுக்குள் நொக்ஸின் கதையையே சுருக்கிச் சொல்கிறார். அதற்கு முதல் வருடம் வந்த 'ரொபின்சன் குரூசோ'வுக்கும் நொக்ஸின் தனிமை ஒரு தூண்டுதலாக இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆங்கில நாவல் எங்கே தொடங்கியது என்று வகுப்பில் கதைக்கும்போது எனக்கு மட்டும் மூதூர்க் கடல் தெரிகிறது. இதைவிட்டால் வேறு எந்தப் பாடத்தில் எனக்கு மற்றவர்களைவிட ஒரு அடி முன்னால் நிற்க இடம் கிடைக்கும்?

இன்னொன்றும் உண்டு. ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டினின் கடைசித் தம்பி சார்ல்ஸ் கடற்படையில் இருந்தவர். எதிரிக் கப்பல் பிடித்ததில் கிடைத்த பணத்தில் 1801இல் இரண்டு அக்காமாருக்கும் தங்கச் சங்கிலியும் புஷ்பராகக் கல் பதித்த சிலுவையும் வாங்கிக் கொடுத்தார். தமக்கை ஜேன் அதை மறக்கவில்லை. 1814இல் வந்த 'மான்ஸ்ஃபீல்ட் பார்க்' அவருடைய நாவலிலும் கப்பலில் வேலை செய்கிற ஒருவன் வருகிறான், ஆனால் தம்பி இல்லை, அண்ணன். அண்ணன் வில்லியம், தங்கச்சி ஃபேனிக்கு அம்பர்ச் சிலுவை ஒன்று கொண்டுவந்து கொடுக்கிறான். போட்டுக்கொள்ளச் சங்கிலி இல்லை என்பதை வைத்தே அதில் எவ்வளவு கதை நகர்கிறது தெரியுமா! அந்தச் சார்ல்ஸ் ஆஸ்டின் 1852இல் பர்மாப் போரில் கடற்படைக்குத் தலைமை தாங்கப் போய் ஐராவதி ஆற்றில் வாந்திபேதியில் இறந்தார். அடக்கம் செய்தது திருகோணமலையில், எஸ்பிளனேட் பக்கத்துப் பழைய சவக்காலையில். கோட்டைக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தால்தானே நடந்தோம்!

கடைசி வருடத்தில் ஒரு பேராசிரியரின் மேற்பார்வையில் தனி ஆய்வுப் பாடம் ஒன்று செய்யலாம். பேராசிரியர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும், நல்ல புள்ளியும் வேண்டும். ஆங்கிலப் புத்தகங்களுக்குள் இலங்கையின் கிழக்குக் கரை எப்படி வந்து போகிறது என்று எழுத ஆசை. வரலாற்று மேஜரும் அங்கே கைகொடுக்கும். கனடா இலக்கியப் பாடத்தை மூன்றாம் வருடத்துக்குத் தள்ளியிருக்கிறேன், கொழும்பில் பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி இந்த ஊர்க்காரர் என்றபடியால் அதிலும் இலங்கை வந்துவிடும், அவசரமில்லை.

மற்றும்படி இங்கே வெயில் நன்றாக எறிக்கிறது. இரவு ஒன்பது மணிக்குத்தான் பொழுது படுகிறது. கம்பசுக்குக் கீழே ஹைலண்ட் கிறீக் பள்ளத்தாக்கில் மான் உண்டு. ஆளைக் கண்டால் ஓடிவிடும், நம்முடைய மான்கள் மாதிரி பஸ் நிலையத்தில் நின்று சாப்பாட்டுப் பையை மோப்பம் பிடிக்கிற பழக்கம் இவற்றுக்கு இன்னும் வரவில்லை.

அப்பா, ஒரு வேலை. காற்று குறைந்த ஒரு பின்னேரம் அந்தச் சவக்காலைக்குப் போய்ச் சார்ல்ஸ் ஆஸ்டினின் கல்லைப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் எழுத்து நன்றாகத் தெரியும். கல்லைச் சுரண்ட வேண்டாம். அங்கே காவலுக்கு ஆள் இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள்.

அம்மா, உங்கள் மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது. மாமி கடைத் தூளில் வைக்கிற மீன்குழம்பு நிறம் மட்டும் சிவப்பு. மாமாவின் சிநேகிதர் ஆவணியில் ஊருக்கு வருகிறார், அவரிடம் ஒரு கிலோ தூளும், கொஞ்சம் கீரிக் கருவாடும் கொடுத்துவிடுங்கள். கருவாட்டை நாலு பையில் சுற்றுங்கள். தம்பியிடம் அளவையியல் கொப்பியை எறிய வேண்டாம் என்று சொல்லுங்கள், எனக்கு அதில் அனுமான விதிப் பக்கங்களின் படம் வேண்டும்.

உங்கள் அன்பு மகள்