முதல் வேலைக்கு வரும் பிள்ளைகள்

கோயம்புத்தூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் திருமணம் நிச்சயமானதையும், உன் அண்ணன் உடல்நலம் தேறி மீண்டும் தொழிற்கூடத்துக்கு வரத் தொடங்கியிருப்பதையும் அறிந்து மனம் நிறைந்தது. இங்கே அம்மா நலமாக இருக்கிறார். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நாளிதழைத் தானே படிக்கிறார். புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களை எப்படிப் பழக்கித் தக்கவைத்துக்கொள்வது என்று நீ கேட்டிருந்த கேள்விக்கு இரண்டு வரியில் பதில் எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. பம்புத் தொழிற்சாலையின் பயிற்சிப் பிரிவில் இத்தனை ஆண்டுகளாக நான் பார்த்துவரும் வேலையே அதுதான் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஜூலையில் மூன்று இளம் பொறியாளர்கள் பல்சக்கரம் செய்யும் உங்கள் ஓசூர்க் கூடத்தில் சேரவிருப்பதாகவும், சென்ற ஆண்டு சேர்ந்த இருவரும் ஆறு மாதம் முடிவதற்குள் போய்விட்டதாகவும், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்று அண்ணன் வருந்துவதாகவும் எழுதியிருக்கிறாய். அவர்மேல் எனக்குள்ள மரியாதை உனக்குத் தெரியும். ஆயினும் இந்த ஒன்றில் அவரோடு நான் உடன்படவில்லை. பொறுமையின்மையால் போகிறவர்கள் சிலர் இருக்கலாம். நான் பார்த்தவரை, கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனவர்களே அதிகம்.

தமிழ்நாட்டில் உயர்கல்விக்குச் செல்வோர் விகிதம் 2021–22ஆம் ஆண்டின் அகில இந்தியக் கணக்கெடுப்பில் 47 விழுக்காடு. நாட்டின் சராசரி அப்போது 28.4 விழுக்காடுதான். இந்த உயர்வுக்குப் பொருள், குடும்பத்திலேயே முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளைகள் பெரும் எண்ணிக்கையில் வேலைக்கு வருகிறார்கள் என்பது. 2010 முதல் தொழிற்கல்வியில் முதல் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகை கொடுத்து அரசு அவர்களைக் கல்லூரி வாசல்வரை கொண்டுவந்தது. கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு அவர்கள் கையைப் பிடிக்க வேண்டியவர்கள் நாம்.

நீயும் நானும் வேலைக்குப் போனபோது நம் வீடுகளில் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் பெரியவர்கள் இருந்தார்கள். விடுப்புக் கடிதம் எப்படி எழுதுவது, மேலதிகாரி கடிந்துகொண்டால் மறுநாள் எப்படி நடந்துகொள்வது, வருங்கால வைப்பு நிதி என்றால் என்ன என்பதெல்லாம் இரவுச் சாப்பாட்டின்போதே நம் காதில் விழுந்தவை. தருமபுரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து உன்னிடம் வரப்போகும் பிள்ளையின் வீட்டில் நம் வீடுகளைவிடக் கடினமான உழைப்பு உண்டு. ஆனால் அலுவலகம் என்ற ஒன்றைப் பற்றிப் பேச அங்கே யாரும் இல்லை. வீடு தர முடியாத அந்த அறிவை முதலாளி தந்தாக வேண்டும் என்பதே நான் சொல்ல விரும்புவது. அதை நிறுவனம் காட்டும் பெருந்தன்மையாக நான் கருதவில்லை. ஒருவரை வேலைக்கு எடுப்பதன் ஒரு பகுதியாகவே கருதுகிறேன்.

முதலில் பணத்தைப் பார். ஜூலை முதல் தேதி சேர்பவருக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் சம்பளம் கைக்கு வரும். அதற்குள் தங்குமிடத்துக்கு முன்பணம், சாப்பாடு, பேருந்து, இரண்டு சட்டை என்று செலவு வரிசையாக நிற்கும். படிப்புக்கு வாங்கிய கடன் இருக்கும்போது மீண்டும் வீட்டில் கேட்க அவர்களுக்கு நா எழாது. மதியம் சாப்பிடாமல், பசிக்கவில்லை என்று சொன்ன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் சேர்ந்த வாரத்திலேயே அரை மாதச் சம்பளத்தை முன்பணமாகக் கொடுத்து, ஆறு தவணைகளில் பிடித்துக்கொள். அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருக்காதே. சேரும் அனைவருக்கும் கொடுப்பது வழக்கம் என்று சொல்லிக் கொடு. பாதுகாப்புக் காலணியை நிறுவனமே வாங்கித் தரட்டும். பெண் பிள்ளை வருகிறாள் என்றால், வேலைக்குப் போகும் பெண்களுக்கான அரசின் தோழி விடுதியில் இடம் உண்டா என்று அவள் வருவதற்கு முன்பே விசாரித்து வை.

அதே வாரத்தில் சம்பளச் சீட்டை எதிரே வைத்து வரிவரியாக விளக்கு. ஆண்டுக்கு மூன்று லட்சம் என்று பணி நியமன ஆணையில் படித்தவர், மாதம் 25,000 ரூபாய் கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லியிருப்பார். நிறுவனம் செலுத்தும் வைப்பு நிதிப் பங்கும் பணிக்கொடையும் அந்த மூன்று லட்சத்துக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன என்பதும், தன் பங்காக 12 விழுக்காடு, அதாவது பிடித்தத்துக்கான சம்பள உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு 1,800 ரூபாய், பிடிக்கப்படும் என்பதும் முதல் சம்பள நாளில்தான் அவருக்குத் தெரியவந்தால், ஏமாற்றப்பட்டதாகவே நினைப்பார். அந்தப் பிடித்தம் அவருடைய சேமிப்பு என்பதையும், வேலை மாறினாலும் அவருடைய பொதுக் கணக்கெண் (UAN) மாறாது என்பதையும் நீயே சொல். சேரும் முன்பே, கைக்கு வரும் தொகையை ஆணையில் தனியாக எழுதிவிடுவது இன்னும் நேர்மையானது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமாக நான் கருதுவது. எங்கள் சோதனைப் பிரிவில் சேர்ந்த ஒரு பெண், ஒரே பம்பை இரண்டு நாள் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தாள். நீரளவு மானி மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று காட்டியது. பதிவேட்டிலோ நொடிக்கு இத்தனை லிட்டர் என்று முந்தைய கணக்குகள் இருந்தன. மணிக்கு 36 கன மீட்டர் என்பது நொடிக்கு 10 லிட்டர். கல்லூரித் தேர்வில் அரை நிமிடத்தில் போட்டிருப்பாள். எந்த அலகில் எழுதுவது என்று கேட்டால், பொறியியல் படித்தவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைப்பார்களோ என்ற அச்சம் அவளைத் தடுத்திருக்கிறது. புதியவர்களின் மௌனத்தை நாம் அலட்சியம் என்றோ அறியாமை என்றோ எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பயம். கேட்டால் மதிப்புக் குறையாது என்பதை அவர்கள் தம் கண்ணால் பார்க்கும்வரை அந்தப் பயம் போகாது.

எனவே ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டியை நியமி. அவர் மேலாளராக இருக்கக் கூடாது. மதிப்பீடு எழுதுகிறவரிடம் யாரும் மனம்விட்டுக் கேட்க மாட்டார்கள். மூன்று நான்கு ஆண்டு அனுபவம் உள்ளவராக, தானும் திணறிய நாட்களை மறவாதவராக இருந்தால் நல்லது. பல நிறுவனங்கள் இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றை மறந்துவிடுகின்றன: அந்த வழிகாட்டியின் சொந்த உற்பத்தி இலக்கைக் குறைப்பதில்லை. நாள் முழுவதும் தன் எண்ணிக்கையைத் துரத்துகிறவருக்குப் புதியவர் ஒரு சுமையாகத்தான் தெரிவார். முதல் மூன்று மாதம் வழிகாட்டியின் நாளில் ஒரு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கி, அதை வேலையாகவே கணக்கில் எழுது.

இயந்திரத்தில் இருபது ஆண்டு நின்றவருக்கும் பட்டத்தோடு வருகிறவருக்கும் இடையே ஒரு சங்கடம் எப்போதும் இருக்கும். மூத்தவர்களுக்குத் தம் இடம் போய்விடுமோ என்ற எண்ணம். இளையவருக்கு எப்படி அழைப்பது என்பதே தெரியாது. முதல் நாளில் அண்ணனே அழைத்துப்போய், ‘இவர் உங்களிடம் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்’ என்று ஒவ்வொரு மூத்தவரிடமும் சொல்லட்டும். அவர் வாயால் வந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

முதல் மாதம் முழுவதும் கோப்புகளைக் கொடுத்துப் படிக்கச் சொல்லாதே. சிறியதாக இருந்தாலும் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையைக் கொடு. ஒரு பல்சக்கரத்தின் வரைபடத்தைப் படித்து, பற்களை வெட்டும் ஹாப்பிங் இயந்திரத்திலிருந்து வரும் முதல் துண்டை அளந்து, அறிக்கை எழுதி, அதை வழிகாட்டி முன் விளக்குவதுவரை ஒருவரே செய்யட்டும். பிழை இருந்தால் அன்றைக்கே, தனியாக அழைத்துச் சொல்ல வேண்டும். பத்துப் பேர் முன்னால் சொன்ன ஒரு கடுஞ்சொல், அந்தப் பிள்ளை அடுத்த ஆறு மாதத்தில் கேட்டிருக்கக்கூடிய கேள்விகளையெல்லாம் அடைத்துவிடும். ஆங்கிலத்தைப் பற்றியும் எழுதியிருந்தாய். கூட்டங்களில் தமிழில் பேசலாம் என்று வெளிப்படையாகச் சொல். கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் உங்கள் ஊரில் அது யாருக்கும் புதிதல்ல. வாடிக்கையாளருக்கு எழுதும் கடிதங்களுக்கு மட்டும் நல்ல மாதிரிகளைக் கொடுத்துப் பழக்கு.

அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணன் கேட்டதாக எழுதியிருக்கிறாய். கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. இத்தனை காலம் வேலையில் இருந்தாக வேண்டும் என்ற குறைந்தபட்சப் பணிக்கால ஒப்பந்தத்தை 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் ஒரு பொதுத்துறை வங்கியின் வழக்கில் ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் ஒப்பந்தம் வேறு, ஒருவருடைய வாழ்நாள் உழைப்பை அலமாரியில் பூட்டிவைப்பது வேறு. பயந்து தங்கியிருப்பவர் எதையும் ஆர்வத்தோடு கற்க மாட்டார். சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பிக் கொடு.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். உங்களிடம் முப்பதுக்கு மேல் இருக்கிறார்கள். குழுத் தலைவியின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் முதல் நாளிலேயே வாயால் சொல். சுவரில் ஒட்டியிருப்பது போதாது.

செலவைப் பற்றிய உன் கவலை நியாயமானது. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு மத்திய அரசின் விக்சித் பாரத் ரோஜ்கார் திட்டம் இருக்கிறது. ஐம்பதுக்குக் குறைவானோர் உள்ள நிறுவனம் குறைந்தது இருவரைக் கூடுதலாகச் சேர்த்து ஆறு மாதம் வைத்திருந்தால், சம்பளத்துக்கேற்ப ஒருவருக்கு மாதம் 3,000 ரூபாய் வரை முதலாளிக்குக் கிடைக்கும். முதன்முறை வேலைக்கு வருவோருக்கும் 15,000 ரூபாய் வரை, ஆறாம் மாதத்துக்குப் பிறகும் பன்னிரண்டாம் மாதத்துக்குப் பிறகும் இரண்டு தவணைகளாக உண்டு. உன் கணக்காளரிடம் கேட்டுப் பார். அந்தத் தொகை வந்தால் ஒரு பகுதியை வழிகாட்டிகளுக்கு மாதப்படியாகக் கொடு. தொழிற்பழகுநராக எடுக்கும் வழியும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக மாதம் 9,000 ரூபாயை நிர்ணயித்தது, அதில் பாதியை மத்திய அரசு ஈடுசெய்யும். ஓராண்டுப் பயிற்சியை உண்மையாகவே தருவதாக இருந்தால் மட்டும் அதில் இறங்கு.

இதற்கெல்லாம் முன்பாக ஒன்று செய்ய வேண்டும். சென்ற ஆண்டு போன இருவரையும் தொலைபேசியில் அழைத்து, ஏன் போனார்கள் என்று நீயே கேள். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திவிட்டு, அவர்கள் சொல்வதை இடைமறிக்காமல் குறித்துக்கொள். என் கடிதத்தைவிட அது உனக்கு அதிகம் பயன்படும்.

எங்கள் பிரிவின் முதல் மூன்று மாதப் பயிற்சித் திட்டத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அது பம்புக்காக எழுதியது. பல்சக்கரத்துக்கு ஏற்றபடி அண்ணன் திருத்தித் தரட்டும். அந்த இருவரும் என்ன சொன்னார்கள் என்பதையும், திருமண நாளையும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய விடுதி அறைத் தோழி