ஞாயிறு சாட்சிய வாசிப்பு: வாசிப்பவர்கள் கவனத்துக்கு

வணக்கம். ஞாயிறு பின்னேரம் 4 மணிக்கு பசிபிக் கடலின் மார்ஷல் தீவுகளில் உள்ள றொங்கலப் தீவு மக்கள் அணுகுண்டுச் சோதனை பற்றிச் சொன்ன சாட்சியங்களை வாசிக்கிறோம். ஆளுக்கு 5 நிமிடம். 400 சொல்லைத் தாண்டினால் அவசரமாக ஓட வேண்டிவரும், கேட்கிறவைக்கு ஒன்றும் விளங்காது.

தொடங்கும்போது, சாட்சியம் சொன்னவருக்குக் குண்டு வெடித்தபோது என்ன வயது என்று சொல்லுங்கோ. அதுதான் முக்கியம். 1954 மார்ச் 1இல் மார்ஷல் தீவுகளின் பிகினியில் அமெரிக்கா வெடிக்கவைத்த 15 மெகாதொன் அணுகுண்டின் சாம்பல் வெள்ளைத் தூளாக விழ, பிள்ளைகள் அதை அள்ளி விளையாடினார்கள். அதிலிருந்த கதிரியக்க அயடீன் கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியில் சேரும். சின்னப் பிள்ளைகளின் சுரப்பி சிறியது, அதனால் பாதிப்புக் கூட. கட்டிகள் வந்தது பல வருசத்துக்குப் பிறகு.

சாம்பலிலிருந்த கதிரியக்கப் பொருட்களில் அயடீன்-131 பாதியாகக் குறைய 8 நாள், சீசியம்-137க்கு ஏறத்தாழ 30 வருசம். இதை மாறி வாசித்தால், 1957இல் திருப்பிக் குடியேற்றிய சனம் 1985இல் ஏன் தீவை விட்டு வெளியேறியது என்பது விளங்காது. பழைய தாள்களில் கதிர்வீச்சு அளவு 'ரெம்' என்றிருக்கும். 100 ரெம் இப்போதைய அலகில் 1 சீவேட்.

கருவழிவு பற்றிய பகுதிக்கு முன் சபைக்குச் சொல்லி ஒரு நிமிடம் விடுங்கோ, எழும்பிப் போக விரும்புறவை போகட்டும். ஆனால் அந்த வரிகளை வெட்டவே வேண்டாம். தாய்மார் வாய்திறந்து சொன்ன சொல்லுகள் அவை.

தாள்களை வியாழன் இரவுக்குள் இங்கே போடுங்கோ.